‘ஹிஸ்டரி’ இல்லாத அறை

போன வெள்ளிக்கிழமை. என் அண்ணன் மகன் கார்த்திக்கின் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்கும் நாள். பெண் வீட்டார் திருமுக்கூடல் பக்கத்திலிருந்து காலையிலேயே பெரிய காஞ்சிபுரம் வந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே வேனில் ஏறியாயிற்று. அப்போதுதான் அண்ணிக்கு ஞாபகம் வந்தது - ராகு காலம்!

ராகு காலத்தில் யாராவது பட்டு எடுப்பார்களா? அது முடியும்வரை என்ன செய்வது?

“பழைய ஜெயிலை மியூசியம் ஆக்கியிருக்காங்க அத்தை. ஒரு ரவுண்டு பாத்துட்டு வந்துடலாம்” என்றான் கார்த்திக் என்னிடம்.

பெண்ணின் அம்மா தனலட்சுமி மட்டும், “நான் வண்டியிலயே குந்தினு இருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க” என்றார். விடுவோமா? அண்ணி கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

வழிகாட்டி ஓர் இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை, வாயில் மனப்பாடம். நவாப் காலத்தில் அது குதிரை லாயமாம். வெள்ளைக்காரன் கம்பி வைத்து ஜெயிலாக்கினானாம். உப்புக் காய்ச்சியவர்களையும், துணிக்கடை முன்னால் மறியல் செய்தவர்களையும் அங்கேதான் அடைத்தானாம். வாசலில் பளிங்குப் பலகையில் தியாகிகளின் பெயர்கள். கைகூப்பினோம்.

சுதந்திரத்துக்குப் பிறகு?

“அப்புறம் சாதாரண கைதிங்கதான் மேடம்.” ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கடைசியாக ஒரு சின்ன அறை. உள்ளே பளீர் விளக்கு. வாசலில் கோடு போட்ட கைதிச் சட்டைகள் தொங்கின. மாட்டிக்கொண்டு கம்பிக்குப் பின்னால் நின்றால் போட்டோ!

“இது பொம்பளைங்க செல். இங்க ஹிஸ்டரி ஒண்ணும் பெருசா இல்ல. அதான் செல்ஃபி பாயிண்ட் ஆக்கிட்டோம்.”

கார்த்திக்கும் மணப்பெண் நித்யாவும் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். ஒரே சிரிப்பு. நித்யா இன்னொரு சட்டையை எடுத்து அம்மாவின் தோளில் போட்டாள்.

தனலட்சுமி அதை எடுத்து மறுபடி ஆணியில் மாட்டினார். வழிகாட்டியிடம் திரும்பினார்.

“ஹிஸ்டரி இருக்குது தம்பி. நான் இந்த ரூம்லதான் பொறந்தேன்.”

சிரிப்பு அப்படியே நின்றது.

“எங்கப்பா சாராயம் காய்ச்சுவாரு. போலீசு வந்தப்போ ஓடிட்டாரு. ஆளு கெடைக்கலன்னு எங்கம்மாவைத் தூக்கினு வந்துட்டாங்க. அவங்களுக்கு நெறமாசம். ஜாமீனுக்கு நிக்க நாதி இல்ல. கூட இருந்த பொம்பளைங்கதான் பொடவைய மறைப்புக் கட்டிப் பிரசவம் பாத்தாங்களாம்... தோ, அந்த மூலையில.”

அந்த மூலையில் இப்போது போட்டோ லைட் நின்றுகொண்டிருந்தது.

புருஷன் செய்ததற்குப் பெண்டாட்டிக்கு ஜெயிலா? அதுவும் நிறைமாதத்தில்? வெள்ளைக்காரன் போன பிறகா?

நித்யா கைதிச் சட்டையோடு அம்மாவிடம் வந்தாள். “ஏம்மா... எங்கிட்டகூடச் சொல்லல?”

“சொன்னா உன்னை எவன் கட்டுவான்?”

வழிகாட்டிக்கு மட்டும் உற்சாகம். “மேடம், சூப்பர் ஹிஸ்டரி! ஒரு வீடியோ எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கோ. எங்கம்மா பேரை வாசல் பலகையில போடுவீங்களா?”

“அது... தியாகிங்களுக்கு மட்டும்தான் மேடம்.”

அந்தப் பையன் கெட்டவனில்லை. எது சரித்திரம் என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறான். நாமும் அந்தப் பலகையோடு கும்பிட்டு முடித்துவிடுகிறவர்கள்தானே?

அண்ணி விறுவிறுவென்று போய் வேனில் ஏறிக்கொண்டார். பூனை குறுக்கே போனாலே பயணத்தைத் தள்ளிப்போடுகிறவர். கல்யாணம் நின்றது என்றே முடிவு கட்டினேன். கார்த்திக் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்களும் ஒவ்வொருவராக ஏறினோம்.

“கடைக்காம்மா, வீட்டுக்கா?” என்றார் டிரைவர்.

அண்ணி பின் சீட்டுப் பக்கம் திரும்பினார். “ஏன் சம்மந்திம்மா... உங்கம்மாவுக்குப் பத்தியம் யாரு ஆக்கிப் போட்டாங்க?”

“பத்தியமா? எல்லாருக்கும் போட்ட களிதான்.”

“பச்சை ஒடம்புக்காரிக்குக் களியா? பாவிங்க!” அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சத்தமாக, “கடைக்குப் போப்பா!”

கடையில் அண்ணி முதலில் எடுக்கச் சொன்னது தனலட்சுமிக்கு. அரக்கு நிறம், பெரிய கரை. மணப்பெண்ணுக்கே அப்புறம்தான். நாத்தனார் எனக்கு?

“உனக்கென்னா அவசரம்? அப்புறம் பாத்துக்கலாம் போ!”

எத்தனையோ கல்யாணங்களில் அண்ணி வாயால் கேட்ட வார்த்தைதான்... முதல்முறையாகச் சுருக்கென்று தைக்கவில்லை!