யாரோ பிடித்திருக்கும் பேஜ்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஏரல் பக்கம் நெல் விளைகிற ஊர் எங்களுக்கு, கோயில் கொடை உண்டு, சாமியாடி உண்டு, வரியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்வேன், நம்பியது மட்டும் கிடையாது. படித்தவன் இப்படி அளக்கிறானே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றட்டும். நடந்தது சுள்ளென்று வெயிலடித்த ஒரு முற்பகலில், நான் அப்போது தூங்கவும் இல்லை, குடித்திருக்கவும் இல்லை.

முத்தையாபுரத்தில் கப்பல் முகவர் ஒருவரின் அலுவலகம். அங்கே ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் ஏழெட்டு கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக இருப்பதுபோல ஓடும், அப்படி ஓட வைக்கிற ஹைப்பர்வைசர் எங்கள் கம்பெனி எழுதியது. உள்ளே ஓடுகிறவற்றில் ஒன்றுக்குக் கடலிலிருந்து வருகிற வயர்லெஸ் பேச்சைப் பதிவு செய்கிற வேலை. அது மட்டும் அடிக்கடி செத்து விழுந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க என்னை அனுப்பியிருந்தார்கள், கூடவே சோதித்துப் பார்க்க ஸ்டெல்லா. திரேஸ்புரத்துக்காரி, தப்பு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி, அதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

கோளாறு மெமரியில் இருந்தது. மெமரியைப் பேஜ் பேஜாகப் பிரித்துக் கொடுப்போம், ஒவ்வொரு பேஜையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணிக்கை இருக்கும், எல்லோரும் விட்டு எண்ணிக்கை பூஜ்யமானால்தான் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம். எங்கள் ஆள் எவனோ ஒரு இடத்தில் ஒரு முறை கழிப்பதற்குப் பதில் இரண்டு முறை கழித்துவிட்டான். ஒருவர் பிடித்திருக்கும்போதே பூஜ்யம் என்று காட்டிவிடும், பேஜ் கை மாறிவிடும், பிடித்திருந்தவன் கதை முடிந்தது.

இதைச் சொன்னதும் ஸ்டெல்லா சிரித்தாள். அவள் வீட்டுக்காரர் ரொசாரியோ சங்கு குளிப்பவர், அன்றைக்கும் கடலில்தான் இருந்தார். மேலே வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், அதிலிருந்து போகிற டியூபை வாயில் கடித்துக்கொண்டு அடியில் இறங்குவார், இடுப்புக் கயிற்றின் மறுமுனை அவளுடைய அண்ணன் அந்தோணி கையில் இருக்கும்.

"எங்கள்ல கயித்தப் பிடிக்கது பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் சார். அவன் விட்டா தாலி அறுக்கது அவன் தங்கச்சில்லா. அதனால விடமாட்டான். ஒங்க மிசினுக்கு அப்படி ஒரு மச்சான் இல்ல பாருங்க."

நானும் சிரித்தேன். முந்தின நாள் சாயங்காலம் அந்த மெஷின் விழுந்தபோது மெமரியை அப்படியே நகலெடுத்து வைத்திருந்தேன். எண்ணிக்கை தவறிக் கை மாறிய பேஜ் ஒன்றை, பெரிய பேஜ், அதிலிருந்து எடுத்தேன். வயர்லெஸ் பதிவுதானே, பழைய பேச்சு ஏதாவது சிக்கியிருக்கும் என்று ஸ்பீக்கரில் ஓடவிட்டேன்.

பேச்சே இல்லை. தூரத்தில் கம்ப்ரசர் அடிக்கிற சத்தம், தண்ணீர்க் குமிழி, அதற்கு நடுவே ஒரு மனுஷன் மூச்சு. இழுத்து, விட்டு, விட்டு முடிக்கும்போது தொண்டையில் ஒரு சின்னக் கறகறப்பு. வயர்லெஸ் கடலுக்கு அடியில் எடுக்காது, அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஸ்டெல்லா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். முகத்தில் சிரிப்பின் மிச்சம்கூட இல்லை. "இது எங்க வீட்டு மனுசன் மூச்சு சார்," என்றாள். பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவளுக்குத் தெரியாதா. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கம்ப்ரசர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த அறையில் வயர்லெஸ் பெட்டி இருந்தது. ஓடிப்போய் அங்கிருந்தவரைத் தள்ளிவிட்டு வள்ளத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தோணி லைனில் வந்தார். சாவகாசமாகத்தான் பேசினார்.

"மாப்ள இப்பந்தான எறங்குனாரு. என்னளா?"

"அண்ணே, கயித்த இழு. ஒண்ணும் கேக்காத, இழு."

அதற்குப் பிறகு பெட்டியில் இரைச்சல் மட்டும். அவள் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். மறைக்க என்ன இருக்கிறது, நானும் பயந்துபோயிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, டியூப் வள்ளத்துக்கு அடியில் மடங்கிக் காற்று அடைத்திருக்கிறது, கம்ப்ரசர் ஒழுங்காக அடித்ததால் அந்தோணிக்குச் சந்தேகமே வரவில்லை. தூக்கும்போது ரொசாரியோவுக்கு உதடு கறுத்து, கண் செருகியிருந்ததாம். நெஞ்சை அழுத்தி அழுத்தித்தான் மூச்சு திரும்பியது. பிழைத்துக்கொண்டார்.

முந்தின நாள் எடுத்த நகலில் மறுநாள் மூச்சு எப்படி வந்தது? அந்தச் சாயங்காலம் அவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டு இருந்தாராம். நானும் எத்தனையோ விதமாக யோசித்துவிட்டேன், ஒன்றும் ஓடவில்லை.

தப்பு ஒரே ஒரு வரிதான், திருத்திவிட்டேன். மற்ற ஊர்களில் உள்ள மெஷின்களிலெல்லாம் திருத்தியதைப் போட்டாயிற்று. முத்தையாபுரத்தில் மட்டும் போடவில்லை. போடத்தான் போனேன், அதற்கு முன்னால் உள்ளே ஓடிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். எல்லாம் நின்ற பிறகு எந்தப் பேஜையும் யாரும் பிடித்திருக்க வழியில்லை. மூச்சு கேட்ட அந்த ஒரு பேஜுக்கு மட்டும் எண்ணிக்கை ஒன்று என்றே இருந்தது. இரண்டு முறை கழிக்கிற கோளாறில் எண்ணிக்கை குறையலாம், நம்பினால் நம்புங்கள், கூடவோ மிஞ்சவோ வாய்ப்பே இல்லை. பெரிய கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டால் அது பூஜ்யமாகிவிடும். பட்டனில் விரலை வைத்தேன். ஸ்டெல்லா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரோ பிடிச்சிருக்காங்க சார். விட வச்சிராதிய."

விரலை எடுத்துவிட்டேன். உள்ளே நிறுத்தியவற்றைத் திரும்ப ஓடவிட்டேன். ஏன் அங்கே மட்டும் பழையதே ஓடுகிறது என்று கம்பெனியில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஓட்டுவேன் என்று தெரியவில்லை. அந்த மெஷினையே தூக்கிவிட்டுப் புதிது வைக்கப் போவதாகவும் பேச்சு அடிபடுகிறது.

ரொசாரியோவிடம் இந்தப் பேஜ் விஷயத்தை நான் சொன்னதில்லை. ஸ்டெல்லாவும் சொல்லவில்லை, மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறாள். டியூப் மடங்கியது, மச்சான் தூக்கினான், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆனால் கடலுக்குப் போகிற நாளெல்லாம் விடிந்தும் விடியாமலும் வள்ளத்திலிருந்து எனக்குப் போன் போடுகிறார். குசலம் விசாரிப்பதில்லை. "மிசின் ஓடுதா சார்?" என்று கேட்கிறார். ஓடுகிறது என்று சொன்னால், "அப்பம் நான் எறங்குதேன்" என்று வைத்துவிடுகிறார்.