ஏசி கேஸும் நைனாவின் மூக்கும்

எங்கள் தெருவில் ஏசி வந்த முதல் வீடு எங்களுடையது என்று பீற்றிக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் எங்களுக்கு முன்பே இரண்டு வீடுகளில் வந்துவிட்டது. எங்களுடையது வேறு யாரோ வீட்டில் பல கோடைகளைப் பார்த்துவிட்டு வந்த பழைய ஏசி வேறு. நைனா அதை ஒரு மூணு சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். தெரு சும்மா இருக்குமா? "இன்னா மாமு, கம்பெனில மிஞ்சின குளிர வூட்டுக்கு எட்த்தாந்துட்டியா?" என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள்.

ஏசி வந்ததற்குக் காரணம் அக்காவின் குழந்தை. அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் எர்ணாவூர் வீட்டுக்கு வந்திருந்தாள். பிறந்த குழந்தைக்குக் கழுத்து, முதுகு, அக்குள் எல்லாம் வேர்க்குரு. ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், கூடவே மணலி ஆலைகளின் புகையும் வரும். மூடினால் அறை அடுப்பாகிவிடும். குழந்தை நாள் முழுக்க அழுதது. வண்ணாரப்பேட்டையில் இருக்கிற மாமா, அதாவது அக்காவின் புருஷன், "எங்க வூட்லயே வெச்சிக்கிறோமே" என்று நயமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார். பேசிவைத்த மாதக்கணக்கு முடிவதற்குள் மகளும் பேரனும் கிளம்பிவிடுவார்களோ என்று அம்மாவுக்கு ஒரே பதற்றம். அந்தப் பதற்றத்தில் பிறந்ததுதான் ஏசி.

நைனாவின் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மீன்பிடி படகுகளுக்குப் போகிற ஐஸ் பார்களை உறைய வைக்கிற கம்ப்ரசர் அறை அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே ஓடுவது அமோனியா. கசிந்தால் முதலில் மூக்குக்குத் தெரியும், பிறகு கண் எரியும், அதற்குப் பிறகும் நிற்கிறவன் அங்கேயே விழுவான். அதனால் அந்த அறையில் நிற்பவனுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் மூக்கு இருந்தாக வேண்டும். "காத்துல ஒரு பொட்டு கேஸ் இருந்தாலும் நான் சொல்லிடுவேன்" என்பார் நைனா. அதே கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்த்த எதிர்வீட்டு அண்ணன் அதைத் தெரு முழுக்கப் பரப்பிவைத்திருந்தார். மாமுவின் மூக்கு மெஷினுக்கும் மேல் என்பார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் அப்பாவின் பைக்கைப் பற்றிப் பேசும்போது நான் நைனாவின் மூக்கைப் பற்றிப் பேசுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அறையிலிருந்து கூப்பிட்டாள். "நைனா, காத்து வருது, குளுரவே இல்ல. உஸ்ஸுனு ஒரு சத்தம் வேற வந்துகினே கீது."

நைனா ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். செம்புக் குழாயில் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. இறங்கி வந்து, ஏசியை மாட்டிக் கொடுத்த ராயபுரத்து மெக்கானிக்குக்குப் போன் போட்டார். போன் சத்தம் வெளியே கேட்கிற பழைய செட். அவன் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"பைப்புல ஐஸ் கட்டிக்கினு கீதா? அப்ப கேஸ் லீக்காயிருக்கும் சார். ஆஃப் பண்ணி வைங்க. சர்ச்சுல பூசை முடிச்சிட்டு வரேன்."

கேஸ் லீக் என்ற சொல் காதில் விழுந்ததும் நைனா எங்கள் நைனாவாக இல்லை, கம்பெனிக்காரராகிவிட்டார். மெயினை இறக்கினார். ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்ததால் அறை இருண்டுபோனது. "எல்லாம் வெளிய. மூக்க மூடு. ஈரத்துணி, ஈரத்துணி" என்று சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்ததையெல்லாம் உருவி எடுத்தார். அம்மா குளியலறைக்கு ஓடி வாளியை இழுத்தாள். இழுத்த வேகத்தில் திண்டின் மேலிருந்த பினாயில் பாட்டில் விழுந்து உடைந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன், என் காலில்கூடத் தெறித்தது. "அத்த வுட்டுட்டு வாடி" என்று அம்மா என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆளுக்கொரு ஈரத்துணி கிடைத்தது. எனக்கு வாய்த்தது நைனாவின் பனியன்.

வாசலில் நைனா கோலமாவு டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தார். கம்பெனியில் கேஸ் கசிந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஓட வேண்டுமாம். மாவு கடல் பக்கம் போனது. அப்படியானால் நாங்கள் கேஸுக்கு எதிர்ப்பக்கம், அதாவது தெருவின் மேற்கு முனைக்குப் போக வேண்டும். மூக்கில் ஈரத்துணியுடன், கையில் குழந்தையுடன் எங்கள் குடும்பம் ஊர்வலமாகப் போனதைப் பார்த்துத் தெருவே வெளியே வந்துவிட்டது.

வந்தவர்களெல்லாம் மோந்து பார்த்தார்கள். காலை நேரத்தில் எங்கள் பக்கம் வீசுவது மணலிக் காற்று. அதில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். ஒருவருக்கு அழுகின முட்டை வாடை வந்தது. ஒருவருக்கு மண்ணெண்ணெய். கோடிவீட்டு அத்தை, "எனக்கு நெஞ்ச அடைக்குது, ஏசி கேஸுதான்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். தினமும் இதே காற்றைக் குடித்துவிட்டுப் பல் தேய்க்கிற ஜனம், அன்றைக்கு எங்கள் ஏசியின் புண்ணியத்தில்தான் அதை மோந்து பார்த்தது.

அக்கா குழந்தையின் முகத்தை மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் போனை எடுத்தாள். மாமாவிடம் பேசி முடித்துவிட்டு, "ஆட்டோ எட்த்துக்கினு வரேன்னாரு. நான் போய்டுறேன்மா. புள்ளைக்கு இன்னாவாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றாள்.

அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. நைனாவைப் பார்த்தாள். தெருவும் நைனாவைத்தான் பார்த்தது.

"இன்னாத்துக்கு அவசரப்பட்ற? நான் உள்ள போய் மோந்து பாத்துட்டு வரேன். நான் சொன்னா நம்புவ இல்ல?" என்றார் நைனா.

"நீ சொன்னா நம்புவேன்" என்றாள் அக்கா.

நைனா ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கை மூடாமல், விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார். நாங்களும் வாசல் வரை வந்து நின்றோம். உள்ளே அவர் நிதானமாக இழுத்து மூச்சு விடுவது கேட்டது. ரொம்ப நேரம் இருந்தார். நடுவில் அம்மா முன்னறைக்குள் நுழைந்து, குழந்தையின் பால்புட்டியை எடுத்துக்கொண்டு, அவர் வெளியே வந்தபின் அவருக்குப் பின்னாலேயே வந்தாள். நைனா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒண்ணுமே இல்ல. ஒரு வாடையும் இல்ல. நான் கேரண்டி. உள்ள வா."

அக்கா ஒரு அடி எடுத்து வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. நைனா மோந்த இடத்தை நானும் மோந்து பார்க்க வேண்டும் என்று அவளை முந்திக்கொண்டு உள்ளே ஓடினேன். ஓடின வேகத்திலேயே திரும்பி வந்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "நைனா, உள்ள பினாயில் நாத்தம் கொடலப் பொரட்டுது" என்றேன்.

எதிர்வீட்டு அண்ணன் வாசலில் தலையை நீட்டி மோந்தார். "ஆமா, கப்புனு அடிக்குதே" என்றவர் நைனாவின் பக்கம் திரும்பினார். "மாமு, ஒரு வாடையும் இல்லன்னு சொன்ன?"

அவர் கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நைனாவின் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. கேஸ் அடித்துவிட்டதோ என்று நான் பயந்தேபோனேன்.

அம்மா சட்டென்று முன்னால் வந்தாள். "அது இப்பத்தான் கொட்டுச்சு. புட்டி எடுக்கப் போனேன் இல்ல, அவரு வெளிய வந்ததும் நான்தான் இருட்டுல தட்டிவுட்டேன். பேஜாரு புடிச்ச பாட்டிலு."

"இல்லம்மா, அது அப்பவே வாளி இழு…" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அம்மா என் கையைக் கிள்ளிய கிள்ளலில் நகம் பதிந்துவிட்டது.

"அதானே பாத்தேன். மாமு மூக்குக்குத் தப்பிப் போவுமா?" என்று எதிர்வீட்டு அண்ணன் சிரித்தார். தெருவும் சிரித்தது. நைனா சிரிக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தண்ணி டிரம்மின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அக்கா மறுபடியும், "உள்ள வரட்டா நைனா?" என்று கேட்டபோது தலையை ஆட்டினார். "வாணாம். நான் சொல்றத நம்பாத. மெக்கானிக் வந்து சொல்லட்டும்" என்றார்.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பாட்டிலை உடைத்ததற்குத் திட்டு விழும் என்றுதான் அம்மா பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பொய்யிலும் உடைத்தது அம்மாதான். முன்னால் உடைத்தால் என்ன, பின்னால் உடைத்தால் என்ன? இதற்காக ஒரு கிள்ளா என்று கையைத் தடவிக்கொண்டே யோசித்தேன்.

மெக்கானிக் பூசை முடித்து வெள்ளைச் சட்டையோடு வந்தான். முதல் வேலையாக ஜன்னல் அட்டையைப் பிடுங்கிப் போட்டு, கதவுகளைத் திறந்துவைத்தான். சோப்பை நுரையாகக் கரைத்து, குழாய் சேருகிற இடங்களில் தடவினான். ஒரு நட்டின் ஓரத்தில் நுரை முட்டை முட்டையாகப் புறப்பட்டு வந்தது. "இங்கதான் சார். நட்டு லூசு. டைட் பண்ணிட்டு கேஸ் ஏத்திக்கலாம். பயப்பட ஒண்ணுமில்ல, கொஞ்ச நேரம் காத்தாட வுட்டாப் போதும், புள்ளய உள்ள படுக்க வைக்கலாம்" என்றான்.

நைனா அவன் பக்கத்திலேயே நின்றிருந்தார். "வாடை வரலியேப்பா" என்றார், தயங்கித் தயங்கி.

"இதுக்கு வாடையே கெடையாது சார். இது உங்க கம்பெனி கேஸு மாதிரி இல்ல."

"வாடையே கெடையாதா?"

"சுத்தமா கெடையாது."

"யாருக்குமே தெரியாதா?"

"நாய்க்குக்கூடத் தெரியாது சார்."

நைனா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தார். மெக்கானிக்கும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, என்ன சிரிப்பு என்று தெரியாமல் நிறுத்தினான். நைனா அவனுக்குக் கலர் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். ரிப்பேர் சின்னதாகப் போனதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் வந்த மாமா மீன் குழம்பு சாப்பிட்டு, குளிர்ந்த அறையில் ஒரு தூக்கம் போட்டுவிட்டு, அக்காவை விட்டுவிட்டுத் தனியாகவே திரும்பிப் போனார்.

அடுத்த வாரம் நைனா கம்பெனியில் தானாகவே கேட்டு வெளி வேலைக்கு மாறிக்கொண்டார். ஐஸ் பாரை உடைத்துப் பெட்டியில் போடுகிற இடம். கம்ப்ரசர் அறைக்கு எதிர்வீட்டு அண்ணன் வந்தார். மெஷின் சத்தத்தில் காது போய்விட்டது, அதனால்தான் மாறினேன் என்று எல்லோரிடமும் சொன்னார் நைனா. நாங்களும் நம்பினோம். பள்ளிக்கூடத்தில் பெருமை பேச எனக்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதில் ரொம்ப அழுகையாக வந்தது.

எனக்கு உண்மை தெரிந்தது கொரோனா காலத்தில். காய்ச்சல் விட்டும் எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. காபி வெறும் சுடுதண்ணியாக இருக்கிறதே என்று போனில் அம்மாவிடம் புலம்பினேன். அம்மா சொன்னாள்: "உனக்குத் திரும்பி வந்துடும். உங்க நைனாவுக்கு அந்த ஏசி வாங்குறதுக்கு முன்னாடியே போச்சு, வரவே இல்ல. எனக்கே அன்னிக்குப் பினாயில்லதான் தெரிஞ்சுது. அன்னிக்கே சொல்லிட்டேன், அந்த ரூம்ல இனிமே நிக்காதன்னு. மூக்குன்னு சொன்னா இத்தினி நாளு மூக்கில்லாமயா நின்னேன்னு கேட்டு மொதலாளி வெளிய அனுப்பிடுவான், காதுன்னு சொல்றேன்னாரு."

போனை வைத்துவிட்டு அழுதேன். மற்றவர்கள் வாடை தெரிந்து ஓடியிருப்பார்கள், நைனா கண் எரிகிற வரைக்கும் அங்கேயே நின்றிருப்பார். அப்படி எத்தனை காலம் நின்றாரோ.

காது போன மனிதர் என்று நாங்கள் அவரிடம் கத்தினோம், வருஷக்கணக்காகக் கத்தினோம். அக்கா போனில் கத்துவாள். பேரன் அவர் காதோரம் வந்து கத்துவான். என் பரீட்சை மார்க்கை நான் அவரிடம் கத்திச் சொல்லித் தெருவுக்கே தெரியும். அத்தனைக்கும் அவர் கையைக் காதில் குவித்து, "ஆங்?" என்று கேட்டுக்கொண்டார். அம்மா ஒருத்தி மட்டும் கத்தமாட்டாள். அடுப்படியில் குழம்பைக் கிளறியபடி, தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி, "ந்தா, உப்பு பாரு" என்பாள். முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும். நைனா எழுந்து வந்து கையை நீட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த எனக்கு, அது அவருக்கு எப்படிக் கேட்டது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.