கூடத்துச் சுவரில் தொங்கிய பில் கம்பி

காகிதத்தைத் துளைத்துக்கொண்டு கம்பி உள்ளே இறங்கும்போது ‘சதக்’கென்று ஒரு சத்தம் வரும். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வாட்ச்மேனாக இருந்த அப்பா, கரண்ட் பில்லானாலும் பால் சீட்டானாலும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அந்தப் ‘பில் கம்பி’யில் குத்திவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுவார். சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே அது தொங்கும். “பட்டாளத்தான் வீட்டுல ஒரு தாளும் தொலையாது, ஒண்ணும் ஒளியாது” என்பார். மற்ற வீடுகளில் விருந்தாளிகளுக்குக் கல்யாண ஆல்பத்தைக் காட்டுவார்கள் என்றால், எங்கள் வீட்டில் கம்பியைக் காட்டுவார்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது முதுகு முழுக்கப் படை வந்தது. “பொம்பளப்பிள்ள கல்யாணத்துக்கு நிக்கிற வீடு, ஊருக்குள்ள தெரிஞ்சா வாய்க்கு வந்ததப் பேசுவாக” என்று பயந்து, அம்மா உள்ளூரில் காட்டாமல் என்னை பஸ் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். மருந்துக்கடைச் சீட்டில் அப்பா பெயரும் டாக்டர் பெயரும்தான் இருந்தன. அப்பா வழக்கம்போல அதையும் குத்திவைத்தார்.

கொஞ்ச நாளில் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், எங்கள் போதாத காலம், அதே ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். பேச்சு வாக்கில் அப்பா பெருமையோடு கம்பியைக் கழற்றி மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் வைத்தார். “பாருங்க அண்ணாச்சி, நம்ம வீட்டுல ஒளிவு மறைவே கிடையாது.”

அவர் கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒரு சீட்டில் நின்றார். “இது எங்கூரு தோல் டாக்டருல்லா? யாருக்கு வைத்தியம்?”

கூடத்தில் இருந்த அத்தனை கண்களும் அக்கா நின்ற அடுக்களை வாசலுக்குப் போயின. அம்மாதான் முதலில் சுதாரித்தாள். “ஏலே, இங்க வா. சட்டையத் தூக்கு!”

தூக்கினேன். ஊதா மருந்து திட்டுத் திட்டாகப் பூசிய என் முதுகை வெளிச்சத்துக்குத் திருப்பச் சொல்லிப் பார்த்தார்கள். “பய முதுகு உலக மேப்பு மாதிரில்லா இருக்கு” என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்ல, கூடமே சிரித்தது. சுவரைப் பார்த்து நின்ற எனக்குக் காதெல்லாம் எரிந்தது. ஆனாலும் அக்காவுக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தாய்மாமன் விடவில்லை. “ஒரே வீடு, ஒரே சோப்பு. பொண்ணையும் நம்ம பொம்பளையாளுக உள்ள கூட்டிப்போயி ஒரு பார்வ பாத்துரட்டும். நீங்கதான் ஒளிவு மறைவு இல்லாத ஆளாச்சே!”

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். பட்டாளத்தில் சண்டையிட்டு வந்த மனுஷன், சொன்ன சொல்லில் தானே மாட்டிக்கொண்டு, மெல்லத் தலையை ஆட்டப்போனார். பாதி ஆட்டியும் விட்டார்.

அதற்குள் அக்கா வெளியே வந்துவிட்டாள். “பில்லக் கேட்டீக, காட்டியாச்சு. தம்பியக் கேட்டீக, அவனையும் காட்டியாச்சு. என்னையக் காட்ட முடியாது. காப்பி ஆறுது, குடிச்சிட்டுக் கெளம்புங்க.”

யாரும் குடிக்கவில்லை. அவர்கள் போனபின் அப்பா கம்பியைப் பீரோவுக்குப் பின்னால் செருகினார். மறுநாள் காலையில் மில்லுக்குப் புறப்பட்டபோதும் அக்கா முகத்தை அவர் பார்க்கவில்லை. பிறகு அவளுக்கு நல்ல இடமே அமைந்தது. ஆனால் என் முதுகைப் பார்த்துக் கூடமே சிரித்த கூச்சம் படையோடு ஆறிப்போக, அந்தப் பாதித் தலையசைப்பை நான் கண்ணால் பார்த்துவிட்ட வெட்கம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

இப்போது பில்லெல்லாம் போனுக்கே வருகிறது. கூடத்துச் சுவரில் ஆணிகூட இல்லை, டிவி இருக்கிறது. ஆட்கள் வந்தால் அப்பா போனைக் கவிழ்த்து வைத்துக்கொள்கிறார். அக்கா வரும்போது மட்டும், கரண்டுக்கும் கேஸுக்கும் அவள்தான் கட்ட வேண்டும் என்று, நான் பக்கத்திலேயே இருந்தாலும் போனை அவளிடம்தான் நீட்டுகிறார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கும்வரை, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் மாதிரி, கையைக் கட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நிற்கிறார். “உக்காருங்கப்பா” என்று அவள் எத்தனை தடவை சொன்னாலும் உட்காருவதில்லை.