எங்களோடு அருவிக்கு வந்த இருபது கழிகள்

கல்யாணமாகி ஆரணிக்கு வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. போளூர் தாண்டி மலைக்குப் போகிற ரோட்டோரத்தில் ஒரு சின்ன அருவி விழுகிறதாம். அதன் கீழே ஒரு தடவை தலையைக் கொடுத்து நிற்க வேண்டும். நான் பிறந்தது தேசூர்ப் பக்கம். எங்கள் ஊரில் தண்ணீர் என்பது கிணற்றுக்குள் கீழே கிடப்பது. மேலேயிருந்து விழுகிற தண்ணீரை மழையில்தான் பார்த்திருக்கிறேன்.

"போலாம், போலாம்" என்பார். பதினோரு வருஷம் போலாம் போலாம் என்றே போய்விட்டது.

கழி கழியாகச் சுருட்டி வரும் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வேலை அவருக்கு. நெசவுக்காரர்களுக்கு அமாவாசைதான் லீவு. தறி ஓடாத அன்றைக்குச் சாயக் கொப்பரைக்கும் அடுப்பு மூட்டுவதில்லை. ஆனால் வெயில் காலத்து அமாவாசையில் அந்த அருவி வெறும் பாறை. மழைக் காலம் வந்து அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் தீபாவளி வேலை, அதன்பின் தை மாதக் கல்யாண வேலை, அமாவாசையாவது பௌர்ணமியாவது! அந்த மனிதருக்கு நூல் கழிதான் முதல், மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் மகள் பிறந்தபோது ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினோம். "கொப்பரையில கழி கீது, எறக்கிட்டு வரேன்" என்றாராம். அவர் வந்து சேர்ந்தபோது குழந்தை ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டது. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை, அவரையும் மறக்க விடவில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை அமாவாசைக்கு முதல்நாள், அவராகவே, "நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு ரெடியா இரு, அருவிக்குப் போலாம்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மகளை ஓரகத்தியிடம் விட்டேன். விடியற்காலையில் எழுந்து புளிச்சோறு கிளறினேன். அவர் கையில் ஒரு பெரிய ரெக்சின் பை இருந்தது. "இன்னாங்க இது?" என்று கேட்டேன். "மாத்துத் துணி" என்றார்.

மனிதருக்கு இவ்வளவு அக்கறையா என்று மனசு குளிர்ந்துபோயிற்று. பஸ்ஸில் அந்தப் பையை நானே மடியில் வைத்துக்கொண்டேன். போளூர் வரும்போது மடி ஈரமாக இருந்தது. பையைத் தூக்கிப் பார்த்தால் என் வெளிர் நீலப் புடவையில் தட்டு அகலத்துக்கு அரக்குச் சிவப்பு.

திறந்தேன். உள்ளே இருபது கழி பட்டு நூல், சாயம் போட்ட ஈரத்தோடு.

முதலாளி அரக்கு நிறம் மங்கலாக இருக்கிறதென்று இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருந்தார். எங்கள் கிணற்றுத் தண்ணீரின் உப்புதான் நிறத்தைத் தின்கிறதென்று இவருக்குச் சந்தேகம். மலைத் தண்ணீரில் கடைசி அலசல் அலசினால் நிறம் பளிச்சென்று நிற்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகத்தான் அருவி. நான் கூடமாட ஒத்தாசைக்கு.

"பதினோரு வருசம் கேட்டேனே, இதுக்காங்க இட்டுகினு வந்தீங்க?" என்றேன்.

"ஒரு அரை மணி வேல. அப்பறம் நீ எவ்ளோ நேரம் வேணா நில்லு. யார் வேணான்றா?"

அருவி இரண்டு ஆள் உயரம் இருக்கும். ரோட்டு வளைவில், கல்வெர்ட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில், பாறையிலிருந்து அகலமாக விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அது போதும். அதைவிடப் பெரியது இருந்தால் பயந்திருப்பேன். சத்தம் கேட்டதுமே செருப்பைக் கழற்றிவிட்டேன். அவர் என் கையில் நாலு கழியைக் கொடுத்தார்.

அரை மணியா! கழியைத் தண்ணீரில் பிரித்துப் பிடிக்க வேண்டும், பிழியக் கூடாது, உதற வேண்டும், திருப்பிப் பிடிக்க வேண்டும், சூரியனுக்கு எதிரே தூக்கி அவர் ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். "இன்னொரு தண்ணி காட்டு" என்பார். காட்டுவேன். "இன்னும் ஒண்ணே ஒண்ணு." முதுகுக்குப் பின்னால் என் அருவி விழுந்துகொண்டிருந்தது, நான் முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றுகொண்டிருந்தேன். வீட்டுத் தொட்டியடியில் நின்று செய்கிற அதே வேலை. இதற்குப் பஸ் டிக்கெட் வேறு.

கீழே தள்ளி, சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து குளித்துக்கொண்டிருந்தார். எழுந்தவர் ரோஸ் வேட்டியோடு எழுந்தார். "யோவ், இன்னாய்யா இது அநியாயம்!" என்று கத்திக்கொண்டே மேலே ஏறி வந்தார். என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், வேட்டி முனையைக் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்து, "பாத்தீங்களா சார், எவ்ளோ சீரா புடிச்சிருக்குது! நம்ம கெணத்துத் தண்ணியில இப்டி வராது" என்றார். எனக்கு அப்படியே பாறையில் தலையை மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

இருபதாவது கழி முடிந்தபோது மேலேயிருந்து பஸ் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அதை விட்டால் அந்த ரோட்டில் மறுநாள்தான் பஸ். அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "ஜல்தி வா, ஜல்தி!" பையை சீட்டில் வைத்து, ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டார். கண்டக்டர் விசில் ஊதினார்.

நான் ரோட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். நின்றேன். அப்புறம் திரும்பி, கட்டின புடவையோடு நேரே அருவிக்குள் போனேன்.

தண்ணீர் தலையில் அடித்ததும் மூச்சு நின்றுவிட்டது. இன்னும் உள்ளே போனால் தண்ணீருக்கும் பாறைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது. அங்கே போய் நின்றேன். வெளியே எதுவும் தெரியவில்லை, விசிலும் கேட்கவில்லை. பஸ் போனால் போகட்டும், அவரும் போகட்டும், இருபது கழியும் போகட்டும் என்று இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை. நூறு எண்ணுகிற நேரம் இருக்கும்.

அப்புறம் ஒரு கை என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தது.

"அறிவு கீதா ஒனக்கு? எருமை மாதிரி நின்னுகினு கீற!" என்று என்னென்னவோ கத்தினார். முழுக்க நனைந்திருந்தார், உடம்பெல்லாம் நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். நானும் பதிலுக்குக் கத்தினேன். கத்தி ஓய்ந்து ரோட்டைப் பார்த்தால் பஸ் இல்லை. அதோடு பையும் இல்லை.

கல்வெர்ட்டின் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். முதலாளியின் பட்டு. ஈரக் கழியைப் பையில் திணித்தபடி விட்டால் திட்டுத் திட்டாகிவிடும். இருபது கழிக்கு நாங்கள் எங்கே போவோம்? மலையடிவாரம் வரைக்கும் ஈரத் துணியோடு நடந்து வேறு பஸ் பிடித்தோம்.

ஆரணி பஸ் ஸ்டாண்டில் அந்த மலை பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். பிரயாணிகள் பிடித்துக்கொள்ளும் மேல் கம்பி முழுக்க, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், இருபது கழியும் விரித்துத் தொங்கின. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டே, "ஈரப் பட்டை மூட்டையா வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? எங்க வூட்லயும் ரெண்டு தறி ஓடுது" என்றார். வழியில் ஏறிய சனமெல்லாம் கம்பியைத் தொடாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்களாம். நூல் காற்றில் சீராகக் காய்ந்து, அரக்கு அப்படி ஒரு அரக்காக நின்றது. முதலாளி பாராட்டினார். என் வீட்டுக்காரர், "மலைத் தண்ணிங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கு ஆற்றாமை தீரவில்லை. கல்யாணம், காதுகுத்து, எங்கே நாலு பேர் கூடினாலும், "நூறு எண்றதுக்குள்ள இழுத்துப் போட்டு அடிக்காத குறைதான்" என்று கதையை ஆரம்பித்துவிடுவேன். அவர் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். இப்படியே ஏழெட்டு வருஷம்.

ஒருநாள் பக்கத்து வீட்டில் புதிதாக வாங்கிய டி.வி.யில் ஏதோ ஒரு பெரிய அருவியைக் காட்டினார்கள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். அவர் டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னார்: "பஸ்லேந்து பாத்தேன். உள்ள போனவ காணல. வழுக்கி வுழுந்து தண்ணியோட பூட்டியோன்னு நெனச்சேன். அதான் குதிச்சேன்."

கழியை சீட்டில் விட்டுவிட்டு. மகள் பிறந்தபோதுகூட விடாத கழியை.

"இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று அத்தனை பேர் நடுவில் கத்திவிட்டேன். டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ எங்க பேச வுட்ட?" என்றார்.