அக்கா கல்யாணத்தை அத்தாவுக்கு அனுப்பிய கதை

அக்காவின் கல்யாணத்துக்கு அத்தாவால் வர முடியவில்லை. அப்பாவை எங்கள் வீட்டில் அத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சவுதியில் ஒரு கம்பெனியில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை என்று போனில் சொல்லிவிட்டார். குத்தாலத்து மண்டபத்தில் நிக்காஹ் நடந்தபோது தகப்பன் இடத்தில் அத்தாவின் அண்ணன், பெரியத்தா, உட்கார்ந்தார். வந்தவர்களெல்லாம் பிரியாணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் வீடியோக்காரரிடம் போய், "எதையும் வெட்டாம குடுங்க தம்பி. அவங்க முழுசாப் பாக்கணும்" என்றாள்.

வெட்டாத கல்யாணம் மெயிலில் போகிற அளவில் இல்லை. மயிலாடுதுறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, அதற்கு ஒரு வழி சொன்னார். டாரண்ட். வீடியோவைத் துண்டு துண்டாக்கி எங்கள் கம்ப்யூட்டர் கொடுக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் அதை வாங்குவார்கள். வாங்கிய துண்டுகளை அவர்களும் அத்தாவுக்குக் கொடுப்பார்கள்.

"கூட்டம் சேரச் சேர வேகம்டி" என்றார் மாமா.

திரையில் ஆளுக்கு ஒரு வரி. வரியின் முனையில் அவரவர் இருக்கும் நாட்டின் கொடி, பக்கத்தில் எத்தனை சதவீதம் இறங்கியிருக்கிறது என்ற கணக்கு. பச்சைக் கொடி அத்தா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் பச்சைக் கொடியின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். முதல் சில நாட்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு மெதுவானது. அப்புறம் நின்று நின்று போனது.

மாமா முதலில் டெலிபோன் வயரைச் சந்தேகப்பட்டார். வாய்க்காலுக்கு மேலே போகிற வயர் அது. ஐப்பசி மழையில் எங்கேயாவது நனைந்திருக்கும் என்று லைன்மேனைக் கூட்டி வந்தார். அவர் கம்பத்தில் ஏறி ஜாயிண்டை மாற்றிவிட்டு இறங்கினார். வேகம் ஏறவில்லை. மாமா மோடத்தை மாற்றினார். வைரஸ் தடுப்பை அணைத்துப் பார்த்தார். கடைசியில் திரையை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். மற்ற கொடிகளில் ஒன்றுகூட இல்லை.

"எல்லாரும் அவங்கவங்களுக்கு வந்ததும் மூடிட்டுப் போயிட்டாங்க. பந்தியில சாப்பிட்டுட்டுக் கெளம்புற மாதிரிதான்."

ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு மறுபடி திறந்து வைக்கச் சொன்னார். திறந்தார்கள். கொடிகள் வந்தன. பச்சைக் கொடி மட்டும் என்றைக்காவது சற்று நேரம் எட்டிப் பார்த்துவிட்டு அணைந்தது. அறுபத்து மூன்று சதவீதத்தோடு ஒரேயடியாகக் காணாமல் போனது.

"கோளாறு நம்ம பக்கம் இல்லக்கா" என்றார் மாமா.

"அங்க என்ன கோளாறு?"

அடுத்த போனில் அத்தாவையே கேட்கலாம் என்றார் மாமா. அத்தா பேசுவது நெட் போனில். ஒவ்வொரு தடவையும் வேறு நம்பரில் வரும். "இங்க லைன் சரியில்ல, மெதுவா வரட்டும்" என்பதோடு அவர் முடித்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் திரை திடீரென்று உயிர்பெற்றது. அறுபத்து மூன்று அறுபத்து நான்கானது, அறுபத்தைந்தானது. அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததே இல்லை.

"மாமா, ஓடுது! அத்தா வந்துட்டாங்க!"

மாமா ஓடி வந்தார். அந்த வரியின் முனையில் பச்சைக் கொடி இல்லை. நம் கொடி இருந்தது.

"கொடியத் தப்பாக் காட்டுது மாமா" என்றேன்.

மாமா அந்த வரியிலிருந்த இணைய முகவரி எண்ணை, அது எந்த ஊர் என்று காட்டும் வேறொரு பக்கத்தில் போட்டுத் தேடினார். சென்னை என்று வந்தது. அத்தாவின் மெயிலுக்கு ஏதோ இரண்டு வரி தட்டிவிட்டு, பதில் வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அம்மா ஈரக் கையோடு வந்தாள். "சரியாயிடுச்சா?"

"சரியாயிடுச்சுக்கா" என்றார் மாமா. சென்னையில் ஒரு வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு அப்போதே பஸ் ஏறப் போனார். நான் நூறு வரும்வரை காத்திருந்து கை தட்டினேன்.

கல்யாணத்துக்கு முன்பே அத்தாவின் கம்பெனியை மூடிவிட்டார்களாம். சம்பளமில்லாமல் தொழிலாளர் கேம்ப்பில் கிடந்து, அடுத்தவர் கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி, அவர் கொடுத்த நேரத்தில் மகள் கல்யாணத்தைத் துண்டு துண்டாக வாங்கியிருக்கிறார். கடைசியில் அங்கிருந்து ஊருக்கு அனுப்பியபோது அந்தத் துண்டுகளைத்தான் ஒரு பென் டிரைவில் எடுத்து வந்திருக்கிறார். சென்னை வரை வந்தவருக்கு, புதுச் சம்பந்தி வீட்டார் முன்னால் வெறுங்கையோடு வந்து நிற்க மனசு வரவில்லை. மண்ணடியில் ஒரு லாட்ஜில் தங்கி, மீதிக் கல்யாணத்தையும் வாங்கி, தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது நான் கல்லூரிக்குப் போன பிறகு.

மறுநாள் மாமா அவரை அழைத்து வந்தார். ஒரே ஒரு பை. இளைத்துப் போயிருந்தார். அம்மா குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தாள், சோறு போட்டாள். நான் அவர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்து கேட்டேன்.

"எத்தன நாள் லீவு அத்தா?"

அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றினாள்.

"இந்தத் தடவ நெறய லீவும்மா" என்றார் அத்தா. "இனிமே இங்கதான்."

நான் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினேன். "ஏய், எங்கடி போற?" என்று அம்மா பின்னாலேயே எழுந்தாள்.

"விடு" என்றார் அத்தா. "யாராச்சும் சொல்லித்தானே ஆகணும்."

அவருக்கும் என்னைப் போலவே சந்தோஷம் என்றுதான் நினைத்தேன். அதைவிட நல்ல சேதி எனக்குத் தெரியாது. முதலில் ஓடியது பக்கத்துத் தெருவிலிருந்த அக்காவின் மாமியார் வீட்டுக்கு.