கையொடிந்த எட்டு

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதருக்கு ஆபீஸில் 'சந்தேகம்' என்று பெயர். புது வயராக இருந்தாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடமாட்டார். பேட்டரி வாங்கினால் கடை வாசலிலேயே சோதித்துவிட்டுத்தான் நகர்வார். அவர் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது, வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கி, இருபத்தெட்டு வருஷமாகத் தோள்பையில் கிடக்கும், மின்சாரத்தை அளக்கும் மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டர். அது சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சே கிடையாது.

வினையும் அங்கிருந்துதான் வந்தது. போன மாதம் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் நூற்றி எண்பது வோல்ட் வர வேண்டிய இடத்தில் மீட்டர் நூற்றி அறுபது காட்டியது. லிஃப்டை நிறுத்திவிட்டு அரை நாள் வயர் வயராகத் தேடினார். கையில் பையும் மூட்டையுமாகப் படியேறியவர்கள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத இந்தப் பக்கம் போதாது. கடைசியில் கூட வேலை செய்கிறவர் தன் மீட்டரை வைத்தார். கச்சிதமாக நூற்றி எண்பது என்று அவரே படித்துச் சொன்னார்.

"கண்ணாடியை மாத்துங்கண்ணே," என்று சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மீட்டரை உற்றுப் பார்த்தார். நடு எண்ணில் வலது பக்கத்து மேல்கோட்டைக் காணோம். எட்டு, கையொடிந்து ஆறாக நின்றது. பயந்துபோய் மீட்டரைப் பைக்குள் போட்டு மூடினார்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்தவர். நாற்பத்தொன்பதாவது வயதில் பார்வையில் வலது பக்கம், மேலே, சின்னதாக ஓர் ஓட்டை விழுந்தது. மூன்றே வருஷத்தில் இரண்டு கண்ணும் போயிற்று. இப்போது தம்பி வீட்டு முன்னறையில் ரேடியோவும் தானுமாக இருக்கிறார். தம்பிக்கு இந்த வருஷம் நாற்பத்தொன்பது.

வேறு யாராக இருந்தாலும் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இவருக்கு அது தோன்றவே இல்லை. மீட்டர் பொய் சொல்லாது, அப்படியானால் கண்தான். ஊரிலுள்ள வயரையெல்லாம் சோதிக்கிற மனுஷர் தன் கண்ணைச் சோதிக்க டாக்டரிடம் போகப் பயந்தார். மனைவியிடம் மூச்சு விடவில்லை. எண்ணைத் தப்பாகப் படித்து, அதனால் யாராவது லிஃப்டில் அடிபட்டால்? திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுவது என்று முடிவே கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனின் ரேடியோ கரகரத்தது. பேட்டரியைக் கழற்றி, மீட்டரின் கிளிப்புகளை அதில் மாட்டினார். எட்டு புள்ளி ஆறு நான்கு. ஆறுதானா, எட்டா? கிளிப்புகளை டக், டக்கென்று திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினார்.

"என்னடா ஆச்சு?" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான், ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டிவிட்டார். அண்ணன் ஆறுதல் சொல்லவில்லை.

"மீட்டரைத் தலைகீழாத் திருப்பு."

"எதுக்குண்ணா?"

"திருப்புடான்னா! ஓட்டை உன் கண்ணுல இருந்தா, நீ எதை எப்படித் திருப்பினாலும் அது மேலேயேதான் நிக்கும். மீட்டர்ல இருந்தா, மீட்டரோட சேர்ந்து கீழ வந்துரும்."

திருப்ப மனசு வரவில்லை. தெரியாமல் இருப்பதே மேல் என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு திருப்பினார்.

"எங்கடா இருக்கு?"

"கீழ... கீழ இருக்குண்ணா. இடது பக்கம்."

"அப்ப உன் மீட்டருக்குத்தான் கண்ணு போச்சு. கழட்டு அதை."

நான்கு திருகாணிகளைக் கழற்றினார். எண் தெரியும் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று இருந்தது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டிலிருந்து கண்ணாடிக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது அதுதான். அதன் மேல் இருபத்தெட்டு வருஷ அழுக்கு. அண்ணன் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நனைத்துக் கொடுக்க, இவர் பட்டையைத் துடைத்தார். திரும்ப மாட்டினால் இருந்த எண்களும் போய் வெறும் கண்ணாடி மட்டும் நின்றது. அண்ணன் கையை நீட்டிக் கண்ணாடியின் ஓரத்தைத் தடவினார்.

"இந்தப் பக்கம் தூக்கிட்டிருக்கு பாரு. பட்டை கோணலா உக்காந்திருக்கு."

நேராக வைத்து அழுத்தினார். எட்டு புள்ளி எட்டு நான்கு. கோடு கோடாக எண்ணிப் பார்த்தார், ஒன்றுகூடக் குறையவில்லை. சத்தமாகப் படித்தார். இன்னொரு தடவையும் படித்தார். குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"அதெப்படிண்ணா உனக்கு உடனே தோணுச்சு?"

அண்ணன் விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார். "எனக்கு ஆரம்பிச்சப்ப, அச்சுத்தாள்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். தாளைத் தலைகீழாத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டை மேலேயே நின்னுச்சு. பக்கத்துல யாரும் இல்ல. யார்கிட்டயும் சொல்லவும் இல்ல."

இத்தனை வருஷத்தில் தம்பி கேட்டிராத விஷயம். தன்னந்தனியாக அந்த அச்சுத்தாளைத் திருப்பிப் பார்த்த மனிதர்தான் இன்று பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைத் திருப்பிப் பார்க்க வைத்திருக்கிறார். அண்ணனின் கையைப் பிடித்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

"டேய், கையெல்லாம் ஸ்பிரிட்டுடா! கண்ணு எரியப்போவுது!"

எரியத்தான் செய்தது. அவர் கையை விடவில்லை.