மாமாவுக்கு எடுத்து வைத்த சுரைக்காய்

எங்கள் தெருவில் டெய்லர் அக்காவைத் தெரியாதவர்கள்கூட இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை காலையில் அவர் கடைக்குள் அடுக்கியிருக்கும் பச்சைப் பெட்டிகளைத் தெரியாதவர்கள் இருக்கவே முடியாது. ஊருக்கு வெளியே ஒரு காய்கறித் தோட்டம். பருவம் தொடங்குவதற்கு முன்பே சில குடும்பங்கள் சேர்ந்து தோட்டக்காரருக்கு மொத்தமாகப் பணம் கட்டிவிடுவோம். அதன்பிறகு மண் எதைக் கொடுக்கிறதோ அதில் ஆளுக்கொரு பங்கு. இது வேண்டும், அது வேண்டாம் என்கிற பேச்சே கிடையாது. காய்த்தால் எல்லோருக்கும் காய்த்தது. கருகினால் எல்லோருக்கும் கருகியது.

அந்தப் பெட்டிகள் வந்து இறங்குவது அக்காவின் கடையில். தையல் மெஷினை ஓரமாகத் தள்ளி, வெட்டுமேசையில் இருக்கும் துணியைச் சுருட்டி எடுத்துவிட்டு, அதன்மேல் கீரையைப் பரப்புவார். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் வந்து நின்றால், “கொஞ்சம் இருங்க, முதல்ல முட்டைக்கோஸுக்கு அளவு எடுத்துடறேன்” என்பார்.

நானாக இருந்தால் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டேன். அவருக்கோ அது திருவிழா. மண் ஒட்டிய பீட்ரூட்டைக் கையில் எடுத்து, பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். வெடித்த தக்காளியைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் கோபம் வந்துவிடும். “மழை பேஞ்சா அதுவும்தான் என்ன பண்ணும்? உனக்கு ஜலதோஷம் பிடிக்கலையா?”

கடைக்கு மேலே உள்ள அறையில் மாமா இருந்தார். அக்காவின் மாமனார், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அக்காவின் கணவர் வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போனபோது, பெரியவர் மகனோடு போகவில்லை. “நான் மருமகளோட பார்ட்டி” என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு இங்கேயே வந்துவிட்டார். அதிலிருந்து அக்காவுக்கு அப்பா, நண்பர், சண்டை போட ஆள், எல்லாமே அவர்தான்.

ஒரு விஷக்காய்ச்சல் அவருடைய நாக்கையும் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. உப்பு, இனிப்பு, புளிப்பு, கசப்பு, எதுவுமே தெரியாது. ரொம்ப நாள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து சும்மா பிசைந்துகொண்டே இருப்பாராம். உடம்பு பாதியாகிவிட்டது. அவரை மறுபடி சாப்பிட வைத்தவை இந்தப் பெட்டிகள்தான். ருசி போனால் என்ன, பல் இருக்கிறதே! முள்ளங்கி கடித்தால் காதுக்குள் சத்தம் கேட்கும், வெள்ளரி குளிரும், சோளம் பல்லில் உதிரும். அக்கா காயைத் தட்டிப் பார்த்து, ஒடித்துப் பார்த்து, உள்ளதிலேயே திடமானதை அவருக்கென்று எடுத்து வைப்பார். காலையில் ஏதாவது ஒரு பச்சைக் காயை மிக்ஸியில் அடித்து, ஐஸ் போட்டுக் குடிப்பது மாமாவின் வழக்கம். தொண்டையில் ஜில்லென்று இறங்குவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த ருசி.

அந்த வாரம் வெயில் கொளுத்தியிருந்தது. தோட்டத்தில் பாதிக் கொடி வாடிவிட்டது. ஆனால் சுரைக்காய் மட்டும் வந்திருந்தது, பளபளவென்று, ஒரு தழும்பு இல்லாமல். அவ்வளவு அழகாக இருந்தன அவை.

“கடை விதை இல்லக்கா, நானே எடுத்து வெச்ச விதை” என்றார் தோட்டக்காரர், பெருமை தாங்காமல்.

இருந்ததிலேயே பெரியதை அக்கா மாமாவுக்கு எடுத்து வைத்தார்.

அன்று மாலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் டீச்சரம்மா கேட்டார்: “சுரைக்காய் லேசா கசக்குது. எல்லாருக்கும் அப்படித்தானா?”

உடனே பேங்க் அண்ணன்: “கடைச் சுரைக்காய் வெறும் தண்ணி டீச்சர். கசந்தாத்தான் ஒரிஜினல்!” அதற்குக் கைதட்டல்கள், சிரிப்புகள்.

கடைசியில் எல்லோரும் நம்பும் ஆள், அக்கா, எழுதினார்: “நறுக்கி உப்புல ஊற வெச்சுப் பிழிஞ்சிடுங்க. கசப்பு ஓடிப் போயிடும்.” கூடவே இன்னொரு வரி: “எங்க மாமாவுக்கு அந்தக் கவலையே இல்ல.”

அதற்குத்தான் நிறைய இதயங்கள் விழுந்தன.

நாங்கள் எதையும் வீணாக்காத கூட்டம். புழு அரித்த கோஸுக்கும் சமாதானம் சொல்லுவோம், கோணல் கேரட்டுக்கும் பெருமைப்படுவோம். அதே வேகத்தில் ஒரு கசப்பையும் பாராட்டிவிட்டோம்.

மறுநாள் காலை அக்கா கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது டீச்சரம்மாவிடமிருந்து போன். குரலே சரியில்லை.

“விடிஞ்சதிலிருந்து இவர் வாந்தி எடுத்துட்டே இருக்கார். நீங்க சொன்ன மாதிரி உப்புல ஊற வெச்சுத்தான் செஞ்சேன். நாலு வாய்கூட சாப்பிடல.”

“வேற ஏதாவது ஒத்துக்காம இருந்திருக்கும் டீச்சர்” என்று வாய் சொன்னது. கை அதற்குள் தன் பங்கு சுரைக்காயை எடுத்து, துணி வெட்டும் கத்தரியாலேயே காம்போரம் ஒரு துண்டு வெட்டிவிட்டது. நுனி நாக்கில் வைத்தார். அது பாகற்காய்க் கசப்பு இல்லை. வாயே வேண்டாம் என்று பின்வாங்குகிற கசப்பு. துப்பினார், மறுபடி துப்பினார், போகவில்லை.

மேலே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்த சத்தம் அப்போதுதான் காதில் உறைத்தது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே அது நின்றது.

“மாமா! குடிக்காதீங்க!”

படியில் ஓடும்போது ஒரு செருப்பு கழன்று விழுந்தது. கதவைத் தள்ளினால், மாமா டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார். மேசையில் இன்னொரு டம்ளர் நிறைய, வெளிறிய பச்சையில், ஐஸ் மிதக்க.

“வாம்மா. காய் பெருசு, ரெண்டு தடவையா அடிக்க வேண்டியிருந்துச்சு. இப்ப அடிச்சது உனக்குத்தான், கீழ எடுத்துட்டு வரலாம்னு இருந்தேன்.”

“நீங்க குடிச்சிட்டீங்களா?”

“முழுசா. சும்மா ஜில்லுன்னு இருந்துச்சு. ஏன், உன் பங்கையும் குடிச்சிட்டேன்னு சண்டைக்கு வந்தியா?”

அக்கா அந்த டம்ளரைத் தொட்டியில் கொட்டினார். “கிளம்புங்க மாமா. ஆஸ்பத்திரி.”

“சுரைக்காய்க்கா? வெளிய சொன்னா சிரிப்பாங்கம்மா.”

டாக்ஸியில் கொஞ்ச தூரம்வரை அவர் சிரித்துக்கொண்டுதான் வந்தார், டிரைவருக்குக் குறுக்கு வழி வேறு சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்தினார். நெற்றி வியர்த்தது. வயிற்றைப் பிடித்தபடி முன் சீட்டில் தலையைச் சாய்த்தவர், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே வாந்தி எடுத்தார். முதலில் பச்சை. உள்ளே படுக்கையில் எடுத்தபோது ரத்தம்.

தோட்டக்காரர் போனில் அழுதேவிட்டார். “வேலியில தானா மொளைச்ச காட்டுச் சுரை ஒண்ணு இருந்துச்சுக்கா. போன வருஷம் அதுக்குப் பக்கத்துக் கொடியிலதான் விதை எடுத்தேன். ரெண்டும் கலந்து காய்ல விஷம் ஏறிடும்னு எனக்குத் தோணவே இல்ல. எல்லார்கிட்டயும் அந்தக் காயை வெட்டக்கூட வேண்டாம்னு சொல்லுங்க.” அக்கா ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றபடியே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். “நான் சொன்னது தப்பு. உப்பு போட்டாலும் போகாது, வேக வெச்சாலும் போகாது. தூக்கிப் போடுங்க.” பேங்க் அண்ணன் வீட்டில் இன்னும் வெட்டவில்லை. டீச்சரம்மாவின் கணவர் அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

டியூட்டி டாக்டர் கேட்டார்: “கசந்திருக்குமே, எப்படிம்மா ஒரு டம்ளர் முழுசா குடிச்சார்?”

“அவருக்கு ருசி தெரியாது டாக்டர்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அந்தக் கசப்பே எச்சரிக்கைதாங்க. அது தெரிஞ்சிருந்தா ஒரு வாயோட நின்னிருப்பார். பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. ரத்தம் நிக்குதான்னு பார்ப்போம்.”

அன்று பகல் முழுவதும் ரத்தம் நிற்கவில்லை. அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்க, நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. சாயங்காலம்தான் நர்ஸ் வந்து, கொஞ்சம் நிதானத்துக்கு வந்திருக்கிறார் என்றார்.

மாமா வீடு திரும்பினார், பழைய சட்டைகளை அக்கா பிடித்துத் தைக்கவேண்டிய அளவுக்கு இளைத்து.

நான் பார்க்கப் போனபோது மதியச் சாப்பாட்டு நேரம். அவர் முன்னால் தட்டில் ஒரு தக்காளி, நறுக்கி வைத்தது. அவர் தொடவில்லை. அக்கா ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். மென்றார். மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கொட்டாமல், சிக்னலில் நிற்கும் டிரைவர்போல.

“நல்லா இருக்கு மாமா.”

“முழுங்கினியா?”

“முழுங்கிட்டேன்.”

“சரி, இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும்” என்றார். அக்காவும் சரி என்றார். இரண்டு பேரும் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.